ட்ரெய்லரோடு முகாமுக்குச் சைக்கிள் கொண்டுபோகும்போது வரும் கோளாறுகள்: அறிகுறி, காரணம், தீர்வு

கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் முகாமிடுகிறவர்களுக்குச் சைக்கிளை வீட்டில் விட்டுப் போக மனம் வராது. அல்கோன்குவின் பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜே. ஆர். பூத் என்ற மர வணிகர் 1890களில் போட்ட ரயில் தடம், தண்டவாளங்கள் அகற்றப்பட்டு, கேஷ் ஏரிக்கும் ராக் ஏரிக்கும் இடையே 16 கிலோமீட்டர் சைக்கிள் பாதையாகிவிட்டது. ரயிலுக்காகச் சமன்படுத்திய தடம் என்பதால் செங்குத்தான ஏற்றம் கிடையாது. பிள்ளைகளும் மூச்சிரைக்காமல் ஓட்டலாம். அந்தச் சுகத்துக்காகவே பலர் குடும்பத்தின் எல்லாச் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார்கள்.

ஏற்றும்போது எல்லோருடைய கவனமும் கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்பதில்தான் இருக்கிறது. ஆனால் வழியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர், எவ்வளவு இறுக்கிக் கட்டினோம் என்பதில் இல்லை. எந்த இடத்தில் ஏற்றினோம் என்பதில் இருக்கிறது. ட்ரெய்லரின் சக்கர அச்சுக்குப் பின்னால், அதுவும் கடைக்கோடியில், சைக்கிளை மாட்டுவதுதான் மிகவும் வசதியாகத் தெரியும். அதைவிட மோசமான இடம் வேறு இல்லை. கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எதுவோ அங்கிருந்து படிக்கலாம். முதலாவதை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

வேகம் கூடினால் ட்ரெய்லரின் வால் பக்கவாட்டில் ஆடுகிறது

மற்ற கோளாறுகள் சைக்கிளைக் கெடுக்கும். இது உயிரை வாங்கும்.

80 கிலோமீட்டர் வேகம் வரை ஒழுங்காக வந்த ட்ரெய்லர், 95ஐத் தொட்டதும் மெல்ல இடமும் வலமும் அசையத் தொடங்கும். பெரிய லாரி கடந்துபோகும்போதோ இறக்கத்தில் போகும்போதோ அசைவு வளர்ந்து, முன்னால் உள்ள வண்டியையே அசைக்கும்.

அந்த நொடியில் செய்ய வேண்டியது: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருங்கள். ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பாதீர்கள். வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ட்ரெய்லருக்கு மின் பிரேக் இருந்தால் கன்ட்ரோலரில் உள்ள நெம்பைக் கையால் மெதுவாக நகர்த்தி, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் போடுங்கள். பின்னாலிருந்து பிடித்திழுக்கும் விசையில் ட்ரெய்லர் நேர்கோட்டுக்கு வந்துவிடும். மாற்றி ஓட்டப்போகிறவர் யாராக இருந்தாலும், அந்த நெம்பு எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே தொட்டுக் காட்டிவிடுங்கள். ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவைத் தாண்டும் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம் என்பதால், பெரும்பாலான முகாம் ட்ரெய்லர்களில் இந்த வசதி இருக்கும்.

ஓரம் கட்டியபின் காரணத்தைத் தேடுங்கள். ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை ஹிட்ச்சின் (ட்ரெய்லரை வண்டியோடு இணைக்கும் இடம்) மேல் இறங்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பொதுவான கணக்கு. அது குறைந்தால் ட்ரெய்லர் ஆடும். பின்னால் மாட்டிய சைக்கிள் நெம்புகோல்போல வேலை செய்து முன்பக்கத்தை மேலே தூக்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 கிலோ ட்ரெய்லர். ஹிட்ச்சின் மேல் 170 கிலோ, அதாவது 11 சதவீதத்துக்குச் சற்று மேல். நல்ல நிலை. இப்போது தலா 25 கிலோ எடையுள்ள இரண்டு மின்சைக்கிள்களையும் அவற்றைத் தாங்கும் 25 கிலோ ரேக்கையும் பின்னால் மாட்டுகிறீர்கள். சேர்ந்தது 75 கிலோதான். ஆனால் அச்சிலிருந்து ரேக் 3 மீட்டர் பின்னால், ஹிட்ச் 4.5 மீட்டர் முன்னால் என்றால், ஹிட்ச்சின் மேல் இருந்த பாரத்தில் 50 கிலோ காணாமல்போகிறது. 170 கிலோ 120 ஆகிறது. விகிதம் 8 சதவீதத்துக்கும் கீழே. அச்சின் மேலும் 75 கிலோவுக்குப் பதில் 125 கிலோ கூடுகிறது. டயரின் சுமை வரம்பை ஒட்டி ஓடும் ட்ரெய்லருக்கு அதுவே தனி ஆபத்து.

வீட்டிலேயே அளந்துவிடலாம். சமதரையில், ஹிட்ச் வழக்கமாக இருக்கும் உயரத்தில் ட்ரெய்லரை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஒரு பக்கம் குளியலறை எடை இயந்திரம், மறுபக்கம் அதே உயரத்துக்கு ஒரு கட்டை, இரண்டின் மேலும் ஒரு தடித்த மரச்சட்டம். சட்டத்தின் நீளத்தை மூன்றாகப் பிரித்து, கட்டையிலிருந்து ஒரு பங்கும் எடை இயந்திரத்திலிருந்து இரண்டு பங்கும் தள்ளி ட்ரெய்லரின் முன்பாரத்தை இறக்குங்கள். இயந்திரம் காட்டும் எடையில், சட்டம் மட்டும் இருந்தபோது காட்டியதைக் கழித்து, மூன்றால் பெருக்கினால் ஹிட்ச் பாரம் கிடைக்கும். சைக்கிளோடு ஒருமுறை, சைக்கிள் இல்லாமல் ஒருமுறை அளந்தால் வேறு விளக்கமே தேவைப்படாது.

தீர்வுக்கும் வரிசை உண்டு. முதலில் சைக்கிள்களை இழுக்கும் வண்டிக்கு மாற்றப் பாருங்கள்: பிக்கப் வண்டியின் தொட்டியிலோ, காரின் கூரையிலோ, உள்ளேயோ. அது முடியாவிட்டால் ட்ரெய்லருக்குள், அச்சுக்கு நேர் மேலே. அதுவும் முடியாவிட்டால் பின்னால் மாட்டும் எடையைக் குறையுங்கள். இரண்டு மின்சைக்கிளுக்குப் பதில் பிள்ளைகளின் சிறு சைக்கிள்கள் மட்டும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருந்தால் காலியாகவே கிளம்புங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ. முகாமில் குழாய் இருக்கிறது.

பின்னால் கூடிய பாரத்தை ஈடுகட்ட முன்னறையில் பெட்டிகளை அடுக்குகிறவர்கள் உண்டு. ஹிட்ச் பாரம் சரியாகிவிட்டதாக எடை இயந்திரம் சொல்லும். ஆனால் இரு முனையிலும் குடம் கட்டிய காவடித் தண்டைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். ட்ரெய்லரும் அப்படித்தான். எடை நடுவில் இருந்தால் ஆட்டம் தானே அடங்கும். முனைகளில் இருந்தால் ஆட்டம் நீளும். ஆட்டத்தடுப்புக் கம்பி வாங்கி மாட்டுவதும் நல்லதுதான், ஆனால் பாரம் சரியாக அமைந்த ட்ரெய்லருக்கு. தவறான பாரத்தை அது மறைத்துவைக்கும், திருத்தாது.

பின் பம்பர் கீழே சாய்ந்திருக்கிறது, அல்லது வெல்டிங்கில் கோடு தெரிகிறது

அந்த இடத்திலேயே சைக்கிள்களை இறக்குங்கள். முகாம் வரை மெதுவாகப் போய்விடலாம் என்ற எண்ணம் வேண்டாம். பம்பரோடு சேர்ந்து சைக்கிள்கள் சாலையில் விழுந்தால், அடிபடுவது பின்னால் வரும் யாரோ ஒருவர்.

பல ட்ரெய்லர்களின் பின் பம்பர் என்பது 4 அங்குலச் சதுரக் குழாய். கழிவுநீர்க் குழாயைச் சுருட்டிவைக்க வசதியாக உள்ளே வெற்றிடம், தகடோ மெல்லியது. சட்டத்தோடு சில அங்குல வெல்டிங்கில்தான் அது நிற்கிறது. அதில் ரேக்கை மாட்டும்போது எடை கீழே அழுத்துவதோடு முடிவதில்லை. சைக்கிள்கள் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் ஒவ்வொரு குழியிலும் அந்தக் குழாயை முறுக்குகின்றன. வெல்டிங் முறுக்கத்தில்தான் களைத்துப்போகிறது. முதலில் பெயின்டில் முடிபோன்ற விரிசல், அதில் துருக்கோடு, பிறகு ஒருநாள் பிளவு.

பம்பரின் மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள். கீழ்ப்பக்கத்தைக் கைபேசி விளக்கால் பாருங்கள். ட்ரெய்லரின் கையேட்டில் பம்பருக்கான சுமை வரம்பு இருக்கும். பலவற்றில் எதையும் மாட்டக் கூடாது என்றே எழுதியிருக்கும். பம்பருக்கும் சட்டத்துக்கும் இடையே கூடுதல் இரும்புப் பட்டைகள் பூட்டலாம். அவை பம்பர் பிய்ந்தால் தரையில் விழாமல் தாங்குமே தவிர, வரம்பைக் கூட்டிவிடுவதில்லை. பின்னால்தான் மாட்ட வேண்டும் என்றால், சட்டத்தின் இரு நீளக் கம்பிகளோடும் இணையும் ரிசீவரை (ரேக்கின் தண்டைச் செருகும் குழாய்), ட்ரெய்லர் சட்டம் தெரிந்த வெல்டரிடம் பொருத்திக்கொள்ளுங்கள். எடை குறைந்த ட்ரெய்லர்களில் அந்தச் சட்டமே மெல்லியதாக இருக்கலாம். அதனால் உற்பத்தியாளர் அனுமதிக்கிறாரா என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ரிசீவர் வைத்தபிறகும் மேலே சொன்ன ஹிட்ச் பாரக் கணக்கு மாறாது.

பின்புற ஏணியில் மாட்டும் ரேக்குகளும் விற்கிறார்கள். ஏணியின் திருகுகள் சுவரின் மெல்லிய சட்டத்தில் இறங்கியிருக்கும். சைக்கிளின் எடையில் அவை தளர்ந்தால் ஏணி மட்டுமல்ல, சுவருக்குள் மழைத்தண்ணீரும் இறங்கும். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கட்டு தளர்ந்திருக்கிறது

காரின் பின்னால் வருடக்கணக்கில் ஒழுங்காக உழைத்த ரேக், ட்ரெய்லரின் பின்னால் மாட்டியதும் ஒரே பயணத்தில் தளர்கிறது என்றால் ரேக்கைக் குறை சொல்ல முடியாது. அச்சுக்கு வெகு பின்னால் உள்ள முனை, அச்சு ஓர் அங்குலம் எழுந்தால் அதைவிட அதிகமாகத் துள்ளும். ட்ரெய்லரின் ஸ்பிரிங்கும் காரினுடையதுபோல மென்மையானதல்ல. அல்கோன்குவின் பூங்கா வழியே போகும் 60ஆம் நெடுஞ்சாலையில் குளிர்காலப் பனி மண்ணைத் தூக்கிவிட்டுப்போன மேடுகளில் போகும்போது பின்னால் வருகிற வண்டியிலிருந்து பார்த்தால் புரியும்: சைக்கிள்கள் தாவித் தாவி வருகின்றன.

ஆகவே ரேக் வாங்கும்போது, ட்ரெய்லருக்குப் பின்னால் பயன்படுத்தலாம் என்று உற்பத்தியாளரே எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பல ரேக்குகளுக்கு அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. மீறினால் உத்தரவாதமும் போய்விடும். சிலர் அதே ரேக்குக்குக் காரில் ஒரு வரம்பும் ட்ரெய்லரில் அதைவிடக் குறைந்த வரம்பும் கொடுக்கிறார்கள். சைக்கிளின் பிரேமைத் தொங்கவிடும் வகையைத் தவிர்த்து, சக்கரங்களைத் தட்டில் நிறுத்திப் பிடிக்கும் வகையை எடுங்கள். தொங்கும் சைக்கிள் ஊஞ்சலாடும். நிற்கும் சைக்கிளுக்கு ஆட இடம் குறைவு.

ரேக்கின் சொந்தப் பிடிகளை மட்டும் நம்பாமல், ஒவ்வொரு சைக்கிளின் பிரேமையும் ரேக்கின் தண்டோடு சேர்த்து ஒரு தனிப் பட்டையால் கட்டுங்கள். கொக்கி வைத்த ரப்பர் கயிறு இதற்கு ஆகாது. அது நீளும், நீண்டு துள்ளும். சக்கரத்தின் காற்று குறைந்தாலும் பட்டை தளரும் என்பதால் கிளம்பும் முன் டயரை அழுத்திப் பாருங்கள். கிளம்பி 15 அல்லது 20 கிலோமீட்டரில் முதல் நிறுத்தம், அப்புறம் பெட்ரோல் போடும் ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை. மண்சாலையில் இறங்கினால் அதற்கு முன்னும் பின்னும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் படபடக்கும் சத்தமும் நின்றுவிடும்.

ரிசீவரில் "டக் டக்" என்று தட்டுகிறது

ரேக்கின் தண்டுக்கும் ரிசீவர் குழாய்க்கும் இடையே உள்ள இடைவெளிதான். ரிசீவரை இறுக்கிப் பிடிக்கும் தகடு அல்லது இறுக்குத் திருகுள்ள பூட்டூசி விற்கிறது, மாட்டுங்கள். 2 அங்குல ரிசீவருக்கு 1¼ அங்குல ரேக்கை அடாப்டர் வைத்து மாட்டியிருந்தால் அதைக் கழற்றிவிட்டுச் சரியான அளவுள்ள ரேக்கைத் தேடுங்கள். நீட்டிப்புக் குழாயும் அப்படியே. சைக்கிளை இன்னும் பின்னால் தள்ளி வரம்பைக் குறைக்கிறது.

வளைவிலோ பின்னோக்கி எடுக்கும்போதோ சைக்கிள் வண்டியில் இடிக்கிறது

ட்ரெய்லரின் முன்னால், முக்கோணச் சட்டத்தின் மேல், சைக்கிளை நிறுத்தும் ரேக் உண்டு. ஹிட்ச் பாரத்தைக் குறைக்காமல் கூட்டுவதால் பின் ரேக்கைவிட இது எனக்குப் பிடிக்கும். துள்ளலும் குறைவு. ஆனால் இடம் குறுகியது. நேராக நிற்கும்போது தாராளமாகத் தெரியும் இடைவெளி, பின்னோக்கி மடக்கும்போது ஒன்றுமில்லாமல்போகும். ஹேண்டில்பார் பின் கண்ணாடியைத் துளைக்கும்.

காலியான வாகன நிறுத்துமிடத்தில் சோதியுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் இறங்கி நின்று பார்க்க, இடப்பக்கம் முழுவதும், வலப்பக்கம் முழுவதும் மெதுவாகப் பின்னோக்கி மடக்குங்கள். பிக்கப் வண்டியாக இருந்தால் பின்கதவைத் திறந்தும் பாருங்கள். சமதரையில் இடிக்காதது பெட்ரோல் நிலையத்தின் சரிவில் இடிக்கலாம். அதனால் குறைந்தது ஒரு சாண் இடைவெளி மிஞ்ச வேண்டும். இடிக்கிற பாகம் பெடல் என்றால் கழற்றுங்கள். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் இருக்கும். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் அது கழலும்.

இரண்டு விஷயம் கூடப் பாருங்கள். எரிவாயு சிலிண்டரின் வால்வை அவசரத்தில் ஒரே கையால் மூட முடிய வேண்டும். சைக்கிள் அதை மறைத்தால் அந்த ஏற்பாடு சரியில்லை. கூடிய ஹிட்ச் பாரத்தை உங்கள் வண்டியின் ஹிட்ச் தாங்குமா என்பதை அதில் ஒட்டியுள்ள தகட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூரையில் ஏற்றிய சைக்கிள் எதிலோ உரசுகிறது

காரின் கூரையில் நிற்கும் சைக்கிளோடு மொத்த உயரத்தை நாடாவால் அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். காரிலிருந்தபடியே உணவு வாங்கும் ஜன்னல் பாதை, நிலத்தடி நிறுத்தம், முகாமிடத்தில் தாழ்ந்த கிளை ஆகியவை மூன்றும் கூரைச் சைக்கிளின் எதிரிகள். மடக்கிக் கூடாரமாக விரியும் ட்ரெய்லரின் கூரையில் ஏற்றியிருந்தால், கூரையைத் தூக்கும் முன் சைக்கிள்களை இறக்குங்கள். தூக்கும் கம்பிவடம் அந்த எடைக்காகச் செய்யப்பட்டதல்ல.

ட்ரெய்லருக்குள் வைத்த சைக்கிள்கள் விழுந்து கிடக்கின்றன

உள்ளே வைப்பதை நான் ஆதரிக்கிறேன். மழையும் திருட்டும் ஒரேயடியாக ஒழிகின்றன. ஆனால் மேஜைக்காலிலோ அலமாரிக் கைப்பிடியிலோ கட்டினால் அவை பிய்ந்துவரும். உட்புற மரவேலை எல்லாம் மெல்லிய பலகையில் அடித்த சிறு ஆணிகள்தான். ஒரு தடித்த பலகையில் முன்ஃபோர்க்கைப் பூட்டும் பிடிகளை வரிசையாகத் திருகி, முன்சக்கரங்களைக் கழற்றிய சைக்கிள்களை அதில் நிறுத்துங்கள். ஒன்றின் தலை இந்தப் பக்கம், அடுத்ததன் தலை அந்தப் பக்கம் என மாற்றி வைத்தால் ஹேண்டில்பார்கள் மோதா. பலகையை, தரைச் சட்டத்தில் பதித்த வளையங்களோடு பட்டையால் கட்டுங்கள். இடம் அச்சுக்கு மேலே இருக்கட்டும்.

இறக்கிய பிறகு சைக்கிள் சரியாக ஓடவில்லை

சக்கரமே மாட்ட முடியாதபடி டிஸ்க் பிரேக்கின் பேட்கள் ஒட்டிக்கொண்டனவா? முன்சக்கரம் கழற்றியிருந்தபோது யாரோ பிரேக் நெம்பை அழுத்தியிருக்கிறார்கள். பிளாஸ்டிக் டயர் நெம்பால் பேட்களை மெல்லப் பிரித்துத் தள்ளுங்கள். அடுத்தமுறை சக்கரத்தைக் கழற்றியதும் இடையில் பிளாஸ்டிக் துண்டைச் செருகிவையுங்கள். பிரேக் கிறீச்சிட்டால் சாலையின் எண்ணெய்த் துளிகள் தட்டில் படிந்திருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் துடையுங்கள்.

கியர் தாவுகிறதா? பக்கத்துச் சைக்கிளின் பெடல், சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றும் பின்பாகத்தை (டிரேய்லியர்) இடித்து, அது தொங்கும் சிறு உலோகத் துண்டை வளைத்திருக்கும். பின்னாலிருந்து பார்த்தால் சங்கிலிச் சக்கரங்களுக்கு இணையாக இல்லாமல் சாய்ந்து தெரியும். அப்படியிருந்தால் மிகப் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றாதீர்கள். அது ஆரக்கம்பிகளுக்குள் புகுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும். ஏற்றும் முன்பே பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவைத்தால் அந்தப் பாகம் உள்ளே ஒதுங்கிக்கொள்ளும்.

பெயின்ட் உரசலுக்குத் தண்ணீர்க் குழாய்க்குப் போர்த்தும் நுரைக்குழாயை வெட்டி பிரேமில் மாட்டினால் போதும். கார்பன் பிரேமை எந்தப் பிடியாலும் நசுக்காதீர்கள். நசுங்கிய இடத்தில் நட்சத்திர வடிவில் கோடுகள் தெரிந்தால் பழகிய கடைக்காரர் பார்க்கும்வரை அதில் யாரும் ஏறக் கூடாது.

மழையில் வந்த மின்சைக்கிள் இயங்க மறுக்கிறது

தூறலில் ஓட்டத் தாங்கும் சைக்கிள், 100 கிலோமீட்டர் வேகத்தில் முகத்தில் அறையும் மழையைத் தாங்க வேண்டும் என்பதில்லை. பேட்டரியையும் திரையையும் கழற்றிக் காருக்குள் வைப்பதுதான் சரி. சைக்கிளுக்கு 3 கிலோ அளவில் எடையும் குறையும். வெயிலில் நிற்கும் காரில் மட்டும் நாள் முழுக்க விட்டுவைக்காதீர்கள். பேட்டரி நீங்கிய இடத்தில் தெரியும் இணைப்பு முனைகளை மூடியாலோ பிளாஸ்டிக் உறையாலோ மறைத்துக் கட்டுங்கள்.

ஏற்கெனவே நனைந்துவிட்டதென்றால் முனைகளைத் துடைத்து, நிழலில் காற்றாட விட்டு, முழுக்க உலர்ந்தபின்தான் பேட்டரியை மாட்ட வேண்டும். ஈரத்தோடு சார்ஜ் போடுவது தீயோடு விளையாடுவது. முழுச் சைக்கிளுக்கும் உறை போர்த்தினால் என்ன என்று கேட்கலாம். உறை காற்றைப் பிடித்து ரேக்கைப் பின்னால் இழுக்கும். பல ரேக் உற்பத்தியாளர்கள் அதைக் கூடாது என்கிறார்கள்.

காவலர் நிறுத்திக் கேட்கிறார்

பெரும்பாலும் நம்பர் பிளேட்டுக்காக. ஒன்டாரியோச் சட்டப்படி பிளேட் தெளிவாகத் தெரிய வேண்டும். ட்ரெய்லரின் பிளேட்டுக்கும் அது பொருந்தும். ஏற்றி முடித்ததும் பத்தடி பின்னால் போய் நின்று, பிளேட், பிரேக் விளக்கு, திரும்பும் விளக்கு மூன்றும் தெரிகின்றனவா என்று இன்னொருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள். மறைத்தால் சைக்கிளின் இடத்தை மாற்றுங்கள். விளக்குப் பலகை வாங்கி மாட்டினால் விளக்குப் பிரச்சினை மட்டும்தான் தீரும்.